மூன்று போத்தல் கடல்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் நார்த் செல்லும் பேருந்தில் ஏறியபோது என் முதுகுப்பையில் மூன்று போத்தல்கள் இருந்தன. ஒன்றில் பாசிர் ரிஸ் கடல்நீர், இன்னொன்றில் ஈஸ்ட் கோஸ்ட் கடல்நீர். மூன்றாவது, எங்கள் வீட்டு வரவேற்பறைக் கடல்நீர்.

வீவக வீட்டின் வரவேற்பறையில் மூன்றடி நீளக் கடல்மீன் தொட்டி வைத்திருக்கிறோம். பாறைகள் போக 150 லிட்டர் தண்ணீர், இரண்டு கோமாளி மீன்கள். ஒன்பது வயது மகளுக்கு அதில் ஒரு துப்புரவு இறால் வேண்டும் என்று ஆசை. சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு மீன்களின் வாயையே சுத்தம் செய்யும் இறால் அது. இரண்டு முறை வாங்கினோம். முதலாவது இரண்டு நாளில் இறந்தது, அடுத்தது மறுநாளே. கடைக்காரர் நோயுற்ற இறாலைத் தலையில் கட்டிவிட்டார் என்று வீட்டில் எல்லாரிடமும் சொன்னேன். மகள் அதன்பிறகு இறால் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

தொட்டிக்குக் கீழே அலமாரியில் ஒரு 'சம்ப்' வைத்தால் எல்லாம் சரியாகும் என்று நினைத்தேன். சம்ப் என்பது இரண்டாவது தொட்டி. மேலிருந்து வழியும் தண்ணீர் அங்கே வடிகட்டப்பட்டு, மோட்டார் வழியாக மீண்டும் மேலே ஏறும். தண்ணீரின் அளவு கூடுவதால் தொட்டியின் நிலை சட்டென்று மாறாது. சிராங்கூன் நார்த் அவென்யூ 1-இல் மீன் கடைகள் வரிசையாக இருப்பது பலருக்கும் தெரியும். அங்கே ஒரு கடையில் சம்ப் விலை கேட்டபோது, சீன அங்கிள் விலையைச் சொல்லாமல், "உன் தண்ணீர் எவ்வளவு உப்பு?" என்று கேட்டார்.

"1.025," என்றேன் பெருமையாக.

"எதில் அளந்தாய்?"

முள் மேலும் கீழும் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில். அவர் சிரிக்கவில்லை. "அடுத்த வாரம் தண்ணீரைக் கொண்டுவா. ஒரே மீட்டரில் பார்ப்போம் லா," என்றார்.

வீட்டுத் தண்ணீரை அளப்பதென்றால் உண்மையான கடலையும் அளக்க வேண்டாமா என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்விதான். வெள்ளிக்கிழமை நல்ல மழை. சனிக்கிழமை காலை பாசிர் ரிஸ் பூங்காவில் காலை நனைத்தோம். எதிரே புலாவ் உபின். தண்ணீர் கலங்கலாக, இலைச் சருகுகளோடு இருந்தது. இது ஜோகூர் நீரிணை. கிழக்கே ஜோகூர் ஆறு வந்து கலக்கிறது. மேற்கே 1924-இல் திறக்கப்பட்ட கடற்பாலம் நீரோட்டத்தைத் தடுக்கிறது. அதனால் மழைநீரும் ஆற்றுநீரும் இங்கே எளிதில் வெளியேறுவதில்லை. நம் வீட்டுக் குழாயில் ஒரு பங்காக வரும் அதே ஜோகூர் ஆறுதான் பாசிர் ரிஸ் கடலின் உப்பையும் குறைக்கிறது என்று மகளிடம் சொன்னேன். அவள் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு முகம் சுளித்தாள்.

மாலையில் ஈஸ்ட் கோஸ்ட். அங்கே திறந்த சிங்கப்பூர் நீரிணை. தொலைவில் கப்பல்கள், பின்னால் சாத்தே வாசனை. போத்தல் நிரப்ப ஒரு நிமிடம், சாத்தேக்கு ஒரு மணி நேரம்!

கடையில் அங்கிள் ரிஃப்ராக்டோமீட்டரை எடுத்தார். முதலில் 35 என்று அளவு குறிக்கப்பட்ட சோதனைத் திரவத்தில் ஒரு சொட்டு விட்டு, திருகைத் திருப்பிச் சரிசெய்தார். வெறும் தண்ணீரில் பூஜ்யம் காட்டினால் மட்டும் போதாதாம். பிறகு எங்கள் போத்தல்கள். பாசிர் ரிஸ், ஆயிரத்தில் 26 பங்கு. ஈஸ்ட் கோஸ்ட் 31. எங்கள் வீடு 28.

"உன் தொட்டி தெம்பனிஸில் இருக்கிறது," என்றார். மகளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1.025 என்றால் ஏறக்குறைய 33 இருக்க வேண்டும். ஹைட்ரோமீட்டரின் முள்ளில் காற்றுக்குமிழ் ஒட்டினால் அது மேலே தூக்கி, கூடுதலாகக் காட்டும். நான் ஒருமுறைகூட அதைத் தட்டிப் பார்த்ததில்லை. கடையில் இறால் இருந்த தொட்டியை அளந்தார். 34. மீன் தன் உடலின் உப்பை ஓரளவு தானே சமாளிக்கும், இறாலால் அவ்வளவு முடியாது. 34-இலிருந்து 28-க்கு அரை மணி நேரத்தில் இறக்கிவிட்டவன் நான்தான். கடைக்காரர்மேல் பழி போட்டவனும் நான்தான்.

சம்பை வாங்கினேன். அதில் 50 லிட்டர் புதுத் தண்ணீர் வேண்டும். இனியாவது சரியாக 35-இல் கலக்கிறேன் என்றேன். அங்கிள் தலையை ஆட்டி மறுத்தார். 150 லிட்டர் 28-ம் 50 லிட்டர் 35-ம் கலந்தால் ஏறக்குறைய 30. மோட்டாரைப் போட்ட சில நிமிடங்களில் தொட்டி அங்கே போய் நிற்கும். கோமாளி மீன் தாங்கலாம், பாறையில் வாழும் சிறு உயிர்களுக்கு அதிர்ச்சி. எனவே புதுத் தண்ணீர், தவறாகவே இருக்கும் பழைய தண்ணீரோடு ஒத்துப்போக வேண்டும். பிறகு இரண்டையும் சேர்த்து மெதுவாக உயர்த்தலாம்.

முதலில் சம்பைக் குழாய்நீரால் நிரப்பி ஒழுகல் பார்த்தேன். குழாய்நீரில் குளோரமின் உண்டு, ஆகவே ஒரு சொட்டு விடாமல் வெளியேற்றினேன். சுத்திகரித்த தண்ணீரில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ உப்புக் கலவையைக் கரைத்து, இரவு முழுவதும் சிறு மோட்டாரில் சுழலவிட்டேன். மறுநாள் புது ரிஃப்ராக்டோமீட்டரில் மேலேயும் கீழேயும் 28. வெப்பநிலையும் இரண்டிலும் 26. அப்புறம்தான் சுவிட்சைப் போட்டேன். மின்சாரம் நின்றால் மேல்தண்ணீர் கீழே இறங்கும் என்பதால் சம்பின் விளிம்பில் இடமும் விட்டிருந்தேன். மனைவியின் தரைவிரிப்பு அலமாரிக்குப் பக்கத்தில்தான்.

ஆவியாவது நாளுக்கு இரண்டு லிட்டர். உப்பு ஆவியாகாது என்பதால் வழக்கமாக அதை நல்ல தண்ணீரால்தான் ஈடுசெய்வேன். இப்போது 35-இல் கலந்த உப்புநீரை ஊற்றினேன். நாளுக்கு 70 கிராம் உப்பு, 200 லிட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் ஏறும். தினமும் பள்ளி விட்டு வந்ததும் மகள் ஒரு சொட்டு எடுத்து வெளிச்சத்தில் பார்த்து நாட்காட்டியில் எழுதினாள். இரண்டு வாரத்தில் 33. மறுநாளிலிருந்து மீண்டும் நல்ல தண்ணீர்.

"பா, போலாமா?" என்றாள் அடுத்த சனிக்கிழமை. எங்கே என்று கேட்கவில்லை.

இறால் வந்த பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, சொட்டுச் சொட்டாக இரண்டு மணி நேரம் தண்ணீர் சேர்த்தோம். இன்றோடு பத்தொன்பது நாள். நேற்று அது சட்டையுரித்திருந்தது. வெற்று ஓட்டைப் பார்த்து இறந்துவிட்டதென்று மகள் அலறினாள். பாறைக்குப் பின்னால் இரண்டு வெள்ளை மீசைகள் ஆடிக்கொண்டிருந்தன.