முற்றத்துத் தண்ணீர் போகும் வழி

கும்பகோணத்துப் பழைய ஓட்டு வீடுகளில் மழை வீட்டுக்குள்ளேதான் பெய்யும். ஓட்டுச் சரிவுகள் முற்றத்தைப் பார்த்து இறங்க, விழுந்த தண்ணீர் மூலைத் துவாரம் வழியாகச் சலதாரைக்குள் போய்விடும். அதற்கு மேல் அது எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு திசையைக் காட்டுவார்கள். எங்கள் வீட்டில் அம்மாவுக்குக் கொல்லை, சித்தப்பாவுக்கு வாசல். மழை கொட்டுகிற ஐப்பசியில் முற்றத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும்வரை அந்தச் சண்டையைத் தீர்க்க யாருக்கும் அவசரமில்லை.

அப்படித் தேங்கியபோது கூப்பிட்டு வந்த கொத்தனார் கடப்பாரையைத் தொடவில்லை. வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து ஊற்றிவிட்டு, வாசலில் ஒருவர், கொல்லையில் ஒருவர் நின்று பாருங்கள் என்றார். கிணற்றுக்குப் போடுகிற பெர்மாங்கனேட் இருக்கிறதே என்றேன். "சாக்கடைல அது நிறம் செத்துரும் சார்" என்றார். அழுகல் பட்டதும் அதன் ஊதா பழுப்பாகிவிடும்; சேற்று நிறத்தோடு சேர்ந்தால் அடையாளம் ஏது?

நீலம் கொல்லைக்கு வரவேயில்லை. வாசல் சாக்கடையில் வெகுநேரம் கழித்து லேசாகக் கசிந்தது. மூங்கில் பிளாச்சை உள்ளே விட்டு, அது போன தூரத்தைத் தரையில் அளந்து, ரேழியில் தட்டிப் பார்த்தோம். கூடாகச் சத்தம் கேட்ட இடத்தில் கல்லைப் பெயர்த்தால், செங்கல் வைத்துச் சுண்ணாம்புக் காரை பூசிய கால்வாய், இன்றைக்கும் வழவழப்பாக. திண்ணைக்கு அடியில் புகுந்து தெருவுக்குப் போகிறது. டியூப் லெவல் பிடித்துப் பார்த்ததில் பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம். குறை சொல்ல ஒன்றுமில்லை.

"பழசுல வாட்டம் சரியாத்தான் இருக்கு. ரோடுதான் ஏறிப்போச்சு."

அதுதான் விஷயம். பழைய தாரைப் பெயர்க்காமல் மேலே மேலே போட்டதில் எங்கள் வாசற்படிகள் ஒவ்வொன்றாக மண்ணுக்குள் போயின. தெருச் சாக்கடையும் அதற்கேற்ப உயர்த்திக் கட்டப்பட்டது. எங்கள் கால்வாயின் வாய் அதன் தளத்துக்கும் கீழே கிடக்கிறது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். நல்ல உத்தரவு. ஏற்கெனவே ஏறியதை அது இறக்காது.

அடுக்களைப் பக்கத் தண்ணீர் வேறு வழி. அங்கே ஊற்றிய நீலம் கீழண்டை வீட்டுக் கொல்லையில் எட்டிப் பார்த்தது. அந்த வீட்டு மாமி கோபித்துக்கொள்ளவில்லை; "உங்க தாத்தா காலத்துலேர்ந்து இப்படித்தானே போறது" என்றார். எங்கள் பழைய கிரயப் பத்திரத்தில் ஜலதாரை பாத்தியம் என்று ஒரு வரி இருப்பதை அப்புறம்தான் கவனித்தோம். நான் அதை வக்கீல் குமாஸ்தாவின் வாய்ப்பாடு என்று நினைத்திருந்தேன். 1882-ஆம் ஆண்டின் ஈஸ்மென்ட் சட்டப்படி, அடுத்தவர் நிலத்தின் வழியே 20 ஆண்டுகள் உரிமையோடு, வெளிப்படையாக, தடங்கலில்லாமல் தண்ணீர் விட்டு வந்திருந்தால் அந்த வழி உரிமையாகவே ஆகிவிடும். பக்கத்து மனை கைமாறி அடுக்குமாடி எழும்பும் நாளில் அந்த ஒரு வரிதான் பேசும். அதுவரை மாமியின் பெருந்தன்மை போதும்.

வாசல் கால்வாயை இனி உயர்த்த முடியாது. முற்றத்துத் தண்ணீரை ஜல்லியும் மணலும் நிரப்பிய தொட்டியில் வடிகட்டிக் கிணற்றுக்குத் திருப்பிவிட்டோம். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது பேருக்கு ஒரு குழாய் வைத்த வீடுதான் இது.

பல வீடுகளில் இந்தச் சிரமம் எதற்கு என்று முற்றத்துத் தண்ணீரைப் பாதாளச் சாக்கடைச் சேம்பரில் இணைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பெருமழையில் அந்தக் குழாய் நிரம்பினால், தெருவில் தாழ்ந்திருக்கும் வீட்டுக் கழிப்பறையில்தான் அது திரும்பி வரும். சித்திரை வெயிலிலேயே ஒரு வாளி நீலத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தெரிந்த தடத்தை அளவோடு ஒரு தாளில் வரைந்து வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள்.