விலாசப் புத்தகம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் பிள்ளை தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கிறவன். விடுமுறையிலும் அவன் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருந்தான். கறுப்புத் திரையில் எழுத்துக்கள் மழையாய்க் கொட்டின.

"என்னடா இது?"

"ஓப்பன் எல்டாப், மாமா. கம்பெனி டைரக்டரியிலே ஆளைத் தேடற கருவி."

டைரக்டரி என்றதும் தலையணைப் பருமனில் வீட்டுக்கு வீடு கிடந்த டெலிபோன் புத்தகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. உறவு உண்டு என்றான். 1988-ல் பல தேசத்துத் தந்தி, டெலிபோன் நிபுணர்கள் கூடி 'எக்ஸ்.500' என்று ஒன்றை வகுத்தார்களாம். அது யானை, கட்டித் தீனி போட முடியவில்லை. 1993-ல் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக் கழகத்தார் முன்னின்று அதை எளிதாக்கினார்கள், அதுவே எல்டாப். தபால் உறையில் எழுதுகிற மாதிரி முதலில் ஆள், பிறகு இலாகா, பிறகு நிறுவனம் என்று விலாசம் போகும்.

"கடையில் ஆயத்தமாகக் கிடைக்காதா?"

"கிடைக்கும். நான் கேக்கிற பதிப்பு கிடைக்கலை."

வீட்டிலேயே மாவு அரைக்கிற கதைதான். மூட்டையை அவிழ்த்ததும் 'கன்ஃபிகர்'. வீட்டில் என்னென்ன சாமான் இருக்கிறது என்று பார்க்கிற வேலை. சர்வர் வேண்டாம், தேடுகிற கருவி மட்டும் போதும் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். அடுத்து 'மேக்', அரைவை. கடைசியில் 'மேக் இன்ஸ்டால்'. டப்பாவில் கொட்டி அலமாரியில் வைப்பது.

எல்லாம் ஆன பிறகும் கருவி ஓடவில்லை. லைப்ரரியைக் காணோம் என்று முரண்டு பிடித்தது. அலமாரியில் வைத்தவன் யூனிக்ஸ் இனத்து அந்த லினக்ஸுக்குச் சொல்லவில்லையாம்! 'எல்டி கன்ஃபிக்' என்று ஒரு வார்த்தை தட்டினான், ஓடியது.

"யாரையாவது தேடலாமா, மாமா?"

என் சிநேகிதர் பெயரைச் சொன்னேன். ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் வந்து அதே கம்பெனியின் ஸ்டோர்ஸைக் கவனித்தவர். என் முதல் நாவலின் கையெழுத்துப் பிரதியைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் திருத்தியவர். ஓய்வு பெற்று இரண்டு வருஷம். இந்தத் தை மாதம் காலமானார்.

பெயர் வரவில்லை. அடியில் மட்டும் '0 சக்ஸஸ்' என்று வந்தது.

"இதில் என்னடா வெற்றி?"

"தேடினது சரியா நடந்துதுன்னு அர்த்தம், மாமா. ஆள் இல்லேன்னா அது தப்பில்லே. தேடற இடமே இல்லேன்னாதான் 32-ன்னு தப்புச் சொல்லும்."

அவன் சொன்னது நியாயம். ஓய்வு பெற்றவர் பெயரை எடுத்துவிடுவதும் நியாயம். ஆனால் அச்சடித்த டைரக்டரியில் ஓர் அனுகூலம் இருந்தது; அடுத்த பதிப்பு வருகிறவரை அதில் யாருக்கும் சாவில்லை.

இரவு வீடு திரும்பி என் விலாசப் புத்தகத்தைத் திறந்தேன். அவர் கைப்பட எழுதித் தந்த ஆவடி விலாசம் இருந்தது. பக்கத்தில் நான் தப்பாக எழுதியிருந்த பின்கோடைச் சிவப்பு மசியால் அடித்துத் திருத்தியிருந்தார். மூடி வைத்தேன்.