அயர்லாந்தில் ஓர் ஒழுங்கை

அயர்லாந்தின் கிராமப்புறத்தில் கார் ஓட்டப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய முதல் புத்திமதி: ரிவர்ஸ் எடுக்க நன்றாகப் பழகிக்கொண்டு போங்கள். இரண்டாவது: எவ்வளவு சின்னக் கார் கிடைக்குமோ அவ்வளவு சின்னதாக வாடகைக்கு எடுங்கள். மூன்றாவதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கும் காருக்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

2025 ஜூலையில் நாங்கள் மூன்று பேர் லண்டனில் இருந்து கெரி விமான நிலையத்தில் போய் இறங்கினோம். நான், அப்பா, அக்காவின் மகள். மருமகளுக்கு 16 வயது. பள்ளிக்கூடச் சோதனைகள் முடிந்த கையோடு வந்திருந்தாள். அப்பாவுக்கு 71. அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு அப்பா பேசுவது மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்தது. அவருக்கு ஆங்கிலம் நன்றாக வரும். முப்பது வருடம் லண்டனில் வேலை செய்தவர். ஆனால் காலையில் இருந்து இரவு வரை தமிழிலேயே பேச அவருக்கு இருந்த ஒரே ஆள் அம்மாதான். நானும் அக்காவும் தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிக்கிறவர்கள். மருமகள் தொடங்குவதே ஆங்கிலத்தில். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு 90க்கு மேல் புள்ளி. அம்மப்பாவோடு கதைப்பது மட்டும் ஆங்கிலத்தில்.

"அப்பாவை எங்கையாவது கூட்டிக்கொண்டு போ" என்று அக்கா சொன்னாள். கெரிக்கு டிக்கெட் மலிவாக இருந்தது. அவ்வளவுதான் திட்டம்.

முதலில் வீதிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அயர்லாந்தில் ஒவ்வொரு வீதிக்கும் ஓர் எழுத்தும் இலக்கமும் இருக்கும். எம் என்றால் மோட்டர்வே, என் என்றால் தேசிய வீதி, ஆர் என்றால் பிராந்திய வீதி, எல் என்றால் உள்ளூர் வீதி. எழுத்து இறங்க இறங்க அகலமும் குறையும். டிரலீ நகரில் இருந்து டிங்கிளுக்குப் போகும் என் 86 இல் பிரச்சினை இல்லை. டிங்கிளில் தொடங்கி ஸ்லே ஹெட் முனையைச் சுற்றிவரும் ஆர் 559 இல் சில இடங்களில் ஒரு வாகனத்துக்குத்தான் இடம். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கல்மதில், அதற்குக் கீழே அத்திலாந்திக் சமுத்திரம். எல் வீதிகளுக்குள் திரும்பினால் தாருக்கு நடுவிலேயே புல் முளைத்திருக்கும்.

இரண்டு பக்கமும் ஆள் உயர வேலி. அந்தப் பக்கத்தில் பெரும்பாலும் ஃபியூஷியாச் செடி. சிவப்புப் பூக்கள் தலைகீழாகத் தொங்கும். தென் அமெரிக்காவில் இருந்து கொண்டுவந்து நட்ட செடி, இன்று அது இல்லாமல் அந்த ஊரையே நினைக்க முடியாது. பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால் மார்ச் 1 இல் இருந்து ஆகஸ்ட் 31 வரை, சில விதிவிலக்குகள் தவிர, வேலி வெட்டச் சட்டம் விடாது. அதனால் கோடையில் வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று தெரியாது. எல் வீதிகளில் பொதுவான வேகக் கட்டுப்பாடு 80 கிலோமீட்டராக இருந்தது. 2025 பெப்ரவரியில் அதை 60 ஆகக் குறைத்தார்கள். 60 இல் ஓடும் கார் ஒரு செக்கனில் 17 மீட்டர் போகும். எதிரே வருபவரும் அதே வேகத்தில் வந்தால் இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள தூரம் செக்கனுக்கு 33 மீட்டர் குறையும். இந்தக் கணக்கு என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்ததால் நான் அநேகமாக 30 இல்தான் ஓடினேன்.

என் வேலை மென்பொருள். எங்கள் துறையில் 'டெட்லாக்' என்று ஒன்று உண்டு. இரண்டு புரோகிராம்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு, "நீ விட்டால்தான் நான் நகர்வேன்" என்று நின்றுவிடும். யாராவது ஒருவர் பின்வாங்க வேண்டும். அது யார் என்று முன்கூட்டியே முடிவு செய்து எழுதிவைக்காவிட்டால் இரண்டும் அப்படியே உறைந்து நிற்கும். கெரியின் ஒற்றை வழிகளில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது இது நடக்கிறது. சிக்னல் கிடையாது, பொலிஸ் கிடையாது. ஒதுங்கும் இடம் யாருக்குக் கிட்ட இருக்கிறதோ அவர் பின்னுக்கு எடுப்பார். எடுத்ததும் மற்றவர் ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுக்காமல் ஒரு விரலை மட்டும் உயர்த்துவார். அதுதான் நன்றி.

முதல் நாள் ஒரு டிராக்டர் வந்தது. எனக்குப் பின்னால் நாற்பது மீட்டரில் ஒரு வயல் வாசல் இருந்தது. அதற்குள் பின்னால் எடுத்து ஒதுங்கினேன். டிராக்டர்காரர் விரலை உயர்த்திவிட்டுப் போனார்.

"ஆரது? உனக்குத் தெரிஞ்ச ஆளே?" என்றார் அப்பா.

இல்லை, இங்கே எல்லாரும் எல்லாருக்கும் இப்படித்தான் என்று விளங்கப்படுத்தினேன். அன்று பின்னேரமே அப்பா இடப்பக்க சீட்டில் இருந்துகொண்டு வருகிற போகிற எல்லாருக்கும் விரலை உயர்த்தத் தொடங்கிவிட்டார்.

அந்த வயல் வாசலில் நின்றபோதுதான் அவர் சொன்னார். "உது ரோட்டில்லைத் தம்பி. உது ஒழுங்கை."

ஒழுங்கு என்ற சொல் எனக்குத் தெரியும். ஒழுங்கை தெரியாது. லண்டனில் நாங்கள் வளர்ந்த தெருவில் அந்தச் சொல்லுக்கு வேலை இருக்கவில்லை. அப்பா யாரையும் பார்க்காமல், முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டு போனார்.

"பருத்தித்துறையில எங்கட வீட்டடி ஒழுங்கையும் உப்பிடித்தான். ரெண்டு பக்கமும் பூவரசங் கதியால். சைக்கிளில எதிர ஆரும் வந்தா ஒராள் இறங்கி வேலியோட ஒதுங்க வேணும்."

பின் சீட்டில் இருந்து ஒரு கேள்வி, ஆங்கிலத்தில்: யார் இறங்குவது?

"வெறுங்கையோட வாறவன். பாரம் ஏத்தி வாறவனுக்கு வழி விட வேணும் பிள்ளை."

கதியால் என்றால் என்ன என்று நானும் கேட்டேன். வேலிக்கு நடுகிற தடி; அதுவே வேர்விட்டுத் துளிர்த்து மரமாகிவிடும் என்றார். ஒதுங்குகிற இடத்துக்கு அங்கே என்ன பெயர் என்று கேட்டேன். பெயர் எதுவும் இல்லை என்று யோசித்துவிட்டு, "விலத்துற இடம் எண்டு சொல்லலாம்" என்றார். ஒரு வாகனம் இன்னொன்றைக் கடந்து போவதற்கு எங்கள் ஊர்ச் சொல் விலத்துவது. அடுத்த நாளில் இருந்து காருக்குள் அதுதான் பெயர்.

அன்றிரவு மருமகள் போனில் தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்தாள். ஒழுங்கைக்கு ஐரிஷ் மொழியிலும் ஒரு சொல் இருக்கிறது: போஹரீன். வீதிக்குப் போஹர், சின்ன வீதி போஹரீன். அந்தப் போஹர் வந்தது 'போ' என்ற சொல்லில் இருந்து. போ என்றால் மாடு. "அம்மப்பா, மாட்டுக்கு போ எண்டு சொல்லீனம்!" அதை அவள் தமிழில்தான் சொன்னாள். ஆங்கிலத்தில் சொன்னால் அந்தப் பகிடி எடுபடாது.

டிங்கிளுக்கு மேற்கே உள்ள பகுதி 'கேல்டாக்ட்'. ஐரிஷ் மொழி இன்றும் வீட்டு மொழியாக இருக்கும் பகுதிகளை அப்படிச் சொல்வார்கள். அங்கே வழிகாட்டிப் பலகைகளில் ஊர்ப் பெயர் ஐரிஷில் மட்டும்தான். நாட்டின் மற்ற இடங்களில் 'வழி விடு' என்ற முக்கோணப் பலகை ஆங்கிலத்தில் இருக்கும். இங்கே 'கேல் ஷ்லீ' என்று இருக்கும். எங்கள் வரைபடத்தில் டன்குவின், பலகையில் டூன் ஹீன். வழிகாட்டுவது மருமகளின் வேலை என்பதால் இரண்டையும் பொருத்திப் பார்க்கும் பொறுப்பும் அவளுக்குத்தான்.

இந்தப் பெயர்களுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. பிரித்தானிய ஆட்சியில், 1824 இல் தொடங்கி அயர்லாந்து முழுவதையும் அளந்து படம் வரைந்தார்கள். அந்தப் படங்களில் ஊர்ப் பெயர்கள் ஆங்கில எழுத்துக்கு ஏற்றபடி பதிந்தன. ஊர் என்று பொருள்படும் 'பாலியே' என்ற சொல் 'பாலி' ஆனது. குன்று என்பதற்கான சொல் 'நாக்' ஆனது. பொருள் தெரியாத வெறும் ஒலிகளாக அவை நின்றுவிட்டன. 2005 இல் அரசாங்கம் கேல்டாக்ட் பகுதிகளில் ஐரிஷ் பெயர்களே அதிகாரபூர்வமானவை என்று ஆணை போட்டபோது, டிங்கிள் நகரத்து மக்களே அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. சுற்றுலாப் பயணிகளுக்குத் தெரிந்த பெயர் டிங்கிள். 2006 இல் வாக்கெடுப்பு நடந்தது. இரண்டு பெயர்களும் வேண்டும் என்று பெரும்பான்மையானவர்கள் வாக்களித்தார்கள்.

இதை அப்பாவுக்குச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "என்ர பாஸ்போட்டில பொயின்ற் பீற்றர் எண்டுதானே கிடக்கு" என்றார். ஆங்கிலத்தில் அது பொயின்ற் பெட்ரோ. அப்பாவின் தலைமுறைக்குப் பொயின்ற் பீற்றர்தான். பருத்தியும் துறையும் அந்தப் பெயரில் இல்லை.

ஒரு கணக்கு எனக்கு மறக்கவில்லை. ஐரிஷ் அந்த நாட்டின் அரசியல் சட்டப்படி முதலாவது அதிகாரபூர்வ மொழி. பள்ளிக்கூடங்களில் படிப்பிக்கிறார்கள். 2022 குடிசன மதிப்பீட்டில் ஏறத்தாழ 18 லட்சத்து 70 ஆயிரம் பேர் தங்களுக்கு ஐரிஷ் பேச முடியும் என்று எழுதியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு வெளியே தினமும் பேசுகிறோம் என்று எழுதியவர்கள் சுமார் 72,000 பேர்தான். பேசத் தெரிந்த 26 பேரில் ஒருவர். எங்கள் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் இதே கணக்கெடுத்தால் என்ன வரும் என்று நான் காருக்குள் கேட்கவில்லை. பின் சீட்டும் பேசாமல் இருந்தது.

மூன்றாம் நாள் டூன் ஹீனுக்குப் போனோம். அங்கே நின்றால் கடலுக்குள் சுமார் இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் பெரிய பிளாஸ்கெட் தீவு தெரியும். ஒரு காலத்தில் 150 பேருக்கு மேல் வாழ்ந்த தீவு. மீன்பிடி, ஆடு, உருளைக்கிழங்கு, பேச்சு எல்லாம் ஐரிஷில். இளம் ஆட்கள் ஒவ்வொருவராக அமெரிக்காவுக்குப் போனார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் போய்க் குடியேறியவர்கள் பலர். கடைசியில் 1953 நவம்பரில் 22 பேர் மிஞ்சி, அரசாங்கம் அவர்களையும் இந்தக் கரைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே அந்தத் தீவின் மீனவர் டோமாஸ் ஓ கிரிஹின் தன் வாழ்க்கையை எழுதிவைத்துவிட்டார். 'தீவுக்காரன்' என்ற பொருள் தரும் அந்தப் புத்தகம் 1929 இல் வந்தது. பெய்க் சேயர்ஸ் என்ற பெண் சொல்லச் சொல்ல அவரின் மகன் எழுதி எடுத்தார்.

கரையில் உள்ள டூன் ஹீன் பள்ளிக்கூடத்தையும் 1970 இல் அரசாங்கம் மூடியது. பிள்ளைகள் குறைவு என்பது காரணம். ஊரார் விடவில்லை. 1973 இல் அது மீண்டும் திறந்தது.

அப்பா தீவைப் பார்த்துக்கொண்டு கனநேரம் நின்றார். கூரை போன வீடுகள் கரையில் இருந்தே தெரிந்தன. பிறகு, "ஆள் இல்லாட்டிச் சொல்லும் இல்லை" என்றார். ஊரில் இருந்த வீட்டைச் சொன்னாரா, அம்மாவைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. மருமகள் கிட்டப் போய் அவர் கையைப் பிடித்தாள். "அம்மப்பா, கேற்றுக்கு என்ன சொல்லுறது? உங்கட வீட்டு ஒழுங்கையில இருந்த கேற்றுக்கு."

"படலை."

அவள் போனை எடுத்து எழுதிக்கொண்டாள். தமிழ் எழுத்தில். பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்த எழுத்து அங்கே உதவியது. சொல் மட்டும் பள்ளிக்கூடத்தில் இருந்து வரவில்லை.

திரும்பி வரும்போது ஸ்லே ஹெட் வளைவுகளில் பின் சீட்டில் இருந்து கட்டளைகள் வந்தன. "மாமா, பொறுங்கோ, பஸ் வருது. பின்னால விலத்துற இடம் இருக்கு. சோத்துக்கைப் பக்கம் எடுங்கோ." வலது பக்கத்துக்கு அப்பா சொல்லிக்கொடுத்த சொல் அது. சோறு சாப்பிடுகிற கை இருக்கிற பக்கம். இடது பக்கத்துக்கு என்ன என்று அவள் கேட்டபோது அப்பா பதில் சொல்லாமல் சிரித்தார். அம்மா போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

நான்கு நாளில் ஒரு மொழி யாருக்கும் வந்துவிடாது. லண்டனுக்கு வந்த மறுநாளே மருமகள் பழையபடி ஆங்கிலத்தில்தான் கதைத்தாள். ஆனால் போனில் அந்தப் பட்டியல் இன்னும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மப்பாவுக்கு அழைத்து, "இண்டைக்கு ஒரு சொல்லு" என்று கேட்கிறாள். அவர் ஒரு சொல்லைச் சொல்லப் போய், அந்தச் சொல் இருந்த வீட்டையும் கிணற்றடியையும் அயலட்டையையும் சொல்லி முக்கால் மணி நேரம் எடுக்கிறார். போன கிழமை 41 ஆவது சொல்: துலா.

மூன்றாவது புத்திமதி இதுதான். உங்கள் வீட்டில் அப்பா, அம்மா, அம்மம்மா, தாத்தா யார் இருந்தாலும், அவர்களிடம் "தமிழ் சொல்லித் தாங்கோ" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் பாடம் தொடங்கிவிடும். உங்கள் வீட்டு வாசலில் இருந்து பெரிய ரோட்டுக்குப் போன வழிக்கு என்ன பெயர், எதிரே யாரும் வந்தால் யார் ஒதுங்கினார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.