70 வளைவு தாண்டி ஹட்டன் வரை... ஒரு கொல்லிமலை மாணவியின் இலங்கைப் பயணம்!

கொல்லிமலையில் பிறந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த மலைக்குப் போனாலும் வளைவுகளை எண்ண ஆரம்பித்துவிடுவோம். காரவல்லி அடிவாரத்தில் தொடங்கி மேலே வந்து சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். மற்றவர்களுக்கு அது தலைசுற்றல். எங்களுக்கு அதுதான் வீட்டுக்கு வரும் வழி. அந்த வழியாக இறங்கிப்போய் நான் கடல் தாண்டுவேன் என்று எங்கள் வீட்டில் யாரும் நினைத்ததில்லை. நானும்தான்.

2024 பிப்ரவரி. சென்னையில் இதழியல் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வகுப்பிலிருந்து 14 மாணவர்கள், 2 ஆசிரியர்கள் இலங்கைக்கு 7 நாள் கல்விப் பயணம் போவதாக முடிவானது. மலையகத் தமிழர்கள் அங்கு குடியேறி 200 ஆண்டுகள் ஆனதையொட்டி, அவர்களின் வாழ்க்கையை நேரில் பார்த்து ஆளுக்கொரு கட்டுரை எழுத வேண்டும். அதற்கு மதிப்பெண் உண்டு.

கல்விச் சுற்றுலாவுக்கு வெளிநாடு போவது இப்போது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் நடக்கிற விஷயம்தான். 2022 நவம்பரில், இணையவழி வினாடி வினாவில் வென்ற தமிழக அரசுப் பள்ளி மாணவர்களை ஷார்ஜா புத்தகக் கண்காட்சிக்கு அழைத்துப் போனார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது, 'நாம் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது இதெல்லாம் இல்லையே' என்று ஏங்கியிருக்கிறேன். நான் படித்தது அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி. நாங்கள் போன தூரமான சுற்றுலா, மேட்டூர் அணை!

'என்ன கேஸும்மா?'

முதல் தடை பாஸ்போர்ட். நான் வீட்டில் பிறந்தவள். என் பிறப்புச் சான்றிதழில் பெயரே ஏற்றப்படவில்லை. 'பெண் குழந்தை' என்று மட்டும் இருந்தது. பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயர் ஒரு எழுத்து மாறியிருந்தது. சாதிச் சான்றிதழில் வேறு மாதிரி. இவற்றைச் சரிசெய்ய அப்பா மூன்று முறை வேலையை விட்டுவிட்டு மலையிலிருந்து இறங்கினார். பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய்தான். அதற்கு முன்பு பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் செலவானது அதைவிட அதிகம்.

விசாரணைக்குப் போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தபோது பக்கத்துக் காட்டில் வேலை செய்த பெரியம்மா ஓடி வந்து, 'என்ன கேஸும்மா?' என்று அம்மாவிடம் கேட்டார். பாஸ்போர்ட் என்று சொன்ன பிறகும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை.

பயணச் செலவில் பாதியைக் கல்லூரி ஏற்றுக்கொண்டது. மீதியில் ஒரு பங்கு, நான் வார இறுதிகளில் பேட்டிகளைக் கேட்டு தட்டச்சு செய்து சேர்த்தது. இன்னொரு பங்கு மிளகு. எங்கள் காட்டில் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருக்கிறோம். அம்மா அந்த வருட மிளகில் 20 கிலோவை முன்கூட்டியே விற்றுக் கொடுத்தார். 'திரும்பி வந்து எல்லாத்தையும் சொல்லணும் கண்ணு' என்பது மட்டும்தான் நிபந்தனை.

ஒரே உயரம், வேறு மலை

சென்னையிலிருந்து கொழும்பு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. சென்னையிலிருந்து எங்கள் ஊர் போய்ச் சேர ஒரு ராத்திரி முழுக்க ஆகும். அப்போது இந்தியர்களுக்கு விசாக் கட்டணம் இல்லை. இணையத்தில் அனுமதி வாங்கினால் போதும். கொழும்பில் இரண்டு நாள் அருங்காட்சியகம், பத்திரிகையாளர் சந்திப்பு என்று போனது. மூன்றாம் நாள் அதிகாலை கோட்டை ரயில் நிலையத்தில் மலைக்குப் போகும் ரயிலில் ஏறினோம்.

நாவலப்பிட்டி தாண்டியதும் தேயிலை தொடங்கியது. ஜன்னலுக்கு வெளியே எங்கு திரும்பினாலும் சீவி வைத்த மாதிரி ஒரே பச்சை. நண்பர்கள் ரீல்ஸ் எடுக்க வாசலுக்குப் போனார்கள். எனக்கு அந்தப் பச்சையில் ஏதோ குறைந்தது. கொல்லிமலையில் ஒரு காட்டைப் பார்த்தால் மரவள்ளி இருக்கும், பக்கத்தில் வாழை, நடுவில் பலா, ஓரத்தில் காபி, மேட்டில் கொஞ்சம் சாமை அல்லது கேழ்வரகு இருக்கும். இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரே செடி. அதுவும் சாப்பிட முடியாத செடி. இவர்கள் சோற்றுக்கு என்ன செய்வார்கள் என்றுதான் முதலில் தோன்றியது.

ஹட்டனில் இறங்கியபோது குளிர் பழகிய குளிராக இருந்தது. கேட்டால், ஊர் இருப்பது ஏறக்குறைய கொல்லிமலையின் உயரத்தில்தான்!

மலையாளியா? மலையகமா?

அங்கே ஓர் ஆசிரியர் எங்களை அழைத்துப்போனார். ஒவ்வொருவரும் ஊர் சொல்லி அறிமுகம் செய்துகொண்டோம். நான் கொல்லிமலை, மலையாளி பழங்குடி என்றேன். 'அப்ப நீங்க கேரளாவா?' என்றார். சிரித்துவிட்டேன். சென்னை விடுதியில் சேர்ந்த முதல் நாளிலிருந்து நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் கேள்வி அது. மலையை ஆள்பவர், மலையில் வாழும் ஆள் என்றெல்லாம் எங்கள் பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். நாங்கள் வீட்டில் பேசுவது தமிழ்.

அவர் சிரிக்கவில்லை. 'எங்களுக்கும் இதே கதைதான்' என்றார். இலங்கை மக்கள்தொகைக் கணக்கில் அப்போது அவர்கள் 'இந்தியத் தமிழர்'. அங்கேயே பிறந்து, அங்கேயே மண்ணோடு மண்ணாகி ஐந்தாறு தலைமுறை ஆன பிறகும் இந்தியா என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'மலையகத் தமிழர்' என்று அழையுங்கள் என்பது அவர்களின் நீண்டநாள் கோரிக்கை. 2023-ல் 200-வது ஆண்டையொட்டி, அவர்களின் முன்னோர் கரையிறங்கிய தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைப்பயணம் போனார்கள். முன்னோர் காட்டு வழியாக நடந்த பாதை அது. நோயிலும் பசியிலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம்.

முதலில் காபித் தோட்டங்களுக்குத்தான் ஆள் கொண்டுபோனார்கள். 1869-ல் இலைத்துரு நோய் வந்து காபி அழிந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டிருந்தார். மலை முழுக்கத் தேயிலையானது. 1948-ல் இலங்கை சுதந்திரம் அடைந்த அதே ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம், இந்த மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும் என்று இரண்டு அரசுகள் எண்ணிக்கை போட்டன. நீலகிரியில் டான்டீ தேயிலைத் தோட்டங்கள் உருவானது அப்படித் திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான். இதையெல்லாம் புறப்படும் முன்பே குறிப்பெடுத்திருந்தேன். ஆனால் ஒரு வீட்டில் அண்ணன் இந்தியா போக, தங்கை இங்கே நின்றுவிட்ட கதையை அந்தத் தங்கையே சொல்லிக் கேட்டபோது, என் நோட்டில் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

பத்துக்குப் பன்னிரண்டு

மறுநாள் ஒரு தோட்டத்தில் லயத்துக்குப் போனோம். வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகள். தகரக் கூரை. ஒரு குடும்பத்துக்குப் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை, முன்னால் ஒரு சின்ன வராந்தா. வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியது.

நான் போன வீட்டு அக்கா கொழுந்து பறிப்பவர். காலையில் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். அந்தத் தோட்டத்தில் ஒரு நாளுக்கு 18 கிலோ பறித்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். முழுப் பேருக்கு அப்போது 1,000 இலங்கை ரூபாய். நம் பணத்தில் சுமார் 265 ரூபாய். அந்த வருடம் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்திருந்த கூலியே 294. (அடிப்படைச் சம்பளம் 1,350 இலங்கை ரூபாயாக உயர்ந்தது 2024 செப்டம்பரில்தான்.)

தேங்காய் ரொட்டியும் சம்பலும் கொடுத்தார். சாப்பிட்டுக்கொண்டே அவர் மகளிடம் பேசினேன். ஜனவரியில்தான் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்திருந்தாள். நம் ஊர் பிளஸ் டூ மாதிரி. பல்கலைக்கழகத்துக்குப் போக ஆசை. அவளுடைய பயம் மதிப்பெண் இல்லை, தபால்!

லயத்து அறைகளுக்குத் தனி முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயர்தான் எல்லோருக்கும் முகவரி. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து யார் மூலமாவது கைக்கு வர வேண்டும். அவளுக்குத் தெரிந்த ஓர் அக்காவுக்கு நேர்முகத் தேர்வு கடிதம், தேதி முடிந்து நான்கு நாள் கழித்துக் கிடைத்ததாம். 'நல்லா எழுதியிருக்கேன். லெட்டர் மட்டும் ஒழுங்கா வந்துட்டா போதும்' என்றாள். எங்களைச் சுற்றி நின்ற எல்லோரிடமும் போன் இருந்தது. கூகுள் மேப்பில் அந்தத் தோட்டம் இருந்தது. அவள் வீடு மட்டும் எங்கும் இல்லை.

பிறகு அவள் என்னைக் கேட்டாள். 'உங்க மலையில காணி யாருக்கு அக்கா?'

காணி என்றால் நிலம். 'எங்களுக்குத்தான். அப்பா பேரில் இரண்டு ஏக்கர் இருக்கு' என்றேன். அவளும் அவள் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 'ரெண்டு ஏக்கரா! அப்ப நீங்க பணக்காரங்க' என்றார் அக்கா.

எங்களை யாரும் அப்படிச் சொன்னதில்லை. மிளகும் காபியும் பறிக்கக் குடகுக்கும் கேரளாவுக்கும் போய் மாதக்கணக்கில் எஸ்டேட் லைனில் தங்கி வேலை பார்த்தவர் என் அப்பா. கடன் இல்லாத வருடத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த அறையில் உட்கார்ந்து மறுப்பு சொல்ல முடியவில்லை. இந்திய அரசின் உதவியில் மலையகத்தில் 14,000 வீடுகள் கட்டும் திட்டம் இருக்கிறது. அதில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் நிலம். ஒரு பேர்ச் 272 சதுர அடி. கணக்குப் போட்டால் நாலரை சென்டுக்கும் கொஞ்சம் குறைவு. அந்த நாலரை சென்டுக்காக அவர்கள் பல வருடமாகக் காத்திருந்தார்கள்.

அப்பாவின் மேசையில் ஒரு பத்திரம்

அவள் கேள்வி என்னைத் தூங்கவிடாததற்கு வேறு காரணமும் உண்டு. நான் புறப்படுவதற்கு முன்பே எங்கள் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு வெளியூர்க்காரர் ஒருவர் வந்திருந்தார். சுற்றுலாப் பயணிகளுக்குக் குடில் கட்ட 15 வருடக் குத்தகை. கொடுப்பதாகச் சொன்ன முன்பணம், தம்பியின் இன்ஜினீயரிங் படிப்புக்குச் சரியாக இருக்கும். மரவள்ளி விலை சேகோ ஆலைகளின் கையில். ஒரு வருடம் ஏறும், மறு வருடம் கிழங்கைப் பிடுங்கும் கூலிக்கே கட்டாது. அப்பா கையெழுத்துப் போடும் மனநிலையில்தான் இருந்தார்.

ஊருக்கு வந்து, அம்மாவுக்குக் கொடுத்த வாக்குப்படி எல்லாவற்றையும் சொன்னேன். லயம், பெரட்டு, தபால், அந்தப் பெண்ணின் கேள்வி. அப்பா அமைதியாகக் கேட்டுவிட்டு, 'நிலம் இருந்தா மட்டும் வயிறு நிறைஞ்சிடுமா சாமி?' என்றார். நியாயமான கேள்வி. 'நிறையாது. ஆனா, குடகுல வேலை முடிஞ்சதும் நீங்க எங்க திரும்பி வந்தீங்க?' என்று கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. அப்பாயிதான் அடுப்படியிலிருந்து, 'மூங்கில் வெட்டி, கல்லுப் பொறுக்கி உங்க தாத்தன் உண்டாக்குன காடு' என்றார்.

பத்திரம் இரண்டு மாதம் மேசையிலேயே இருந்தது. பிறகு அப்பா அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தம்பி இன்ஜினீயரிங் சேரவில்லை. அரசு கலைக் கல்லூரியில் கணிதம் படிக்கிறான். அவனுக்கு அதில் இன்னும் வருத்தம் இருக்கிறது. அவன் விடுதிச் செலவுக்கு என் சம்பளத்தில் ஒரு பங்கு போகிறது. இந்த முடிவு சரியா என்று பத்து வருடம் கழித்து அவன்தான் சொல்ல வேண்டும்.

நீங்களும் போகிறீர்களா?

கல்லூரிக் குழுவோடு வெளிநாடு போகும் வாய்ப்பு உங்களுக்கோ உங்கள் பிள்ளைகளுக்கோ வந்தால், என் அனுபவத்திலிருந்து சில விஷயங்கள்:

* பயணம் முடிவாகும் வரை காத்திருக்காமல் பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், ஆதார் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். முதல் தலைமுறையாகப் படிக்கும் வீடுகளில் இதுதான் பெரிய தடை.

* போகும் இடத்தைப் பற்றிப் படித்துவிட்டுப் போங்கள். அதோடு உங்கள் ஊரைப் பற்றியும் தெரிந்துகொண்டு போங்கள். அவர்களும் உங்களைக் கேட்பார்கள்.

* ஒருவர் வீட்டுக்குள் போகும்போது கேமராவைப் பையில் வையுங்கள். பேசி முடித்து, அனுமதி கேட்டு எடுங்கள். எங்கள் குழுவில் அப்படிச் செய்தவர்களுக்குத்தான் நல்ல படங்கள் கிடைத்தன.

* ராத்திரி எவ்வளவு களைப்பாக இருந்தாலும் அன்று கேட்டதை அன்றே எழுதிவிடுங்கள். 7 நாளும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

* படம் அனுப்புகிறேன் என்று சொன்னால் அனுப்பிவிடுங்கள்.

நான் அந்த அம்மாவையும் மகளையும் எடுத்த படத்தைப் பிரின்ட் போட்டு அனுப்பினேன். தோட்டத்து முகவரிக்கு அனுப்பத் துணியவில்லை. ஹட்டன் டவுனில் அவர்களின் உறவினர் கடை முகவரியை வாங்கி அதற்கு அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது. மே 31 அன்று உயர்தரப் பரீட்சை முடிவுகள் வந்தன. அன்று மாலை அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் இரண்டு வரி வந்தது. பாஸ் செய்துவிட்டாள். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் வீட்டு முகவரி என்ற இடத்தில் அவள் எழுதியிருந்தது, அதே கடையின் முகவரி.