ஒகவாங்கோ கரையில் கம்பும் யானையும்

ஆப்பிரிக்காவின் தெற்கே, போட்ஸ்வானா நாட்டின் வடமேற்கு மூலையில் ஓடுகிறது ஒகவாங்கோ ஆறு. அங்கோலா மலைகளில் பெய்யும் மழைநீரைக் கொண்டுவந்து, கடலைத் தொடாமல் கலஹாரி மணலிலேயே பரவிவிடும். இதன் கிழக்குக் கரையில் செரோங்கா, குனோட்சோகா போன்ற சிற்றூர்கள். கம்பு, சோளம், மக்காச்சோளம், தட்டைப்பயறு என்று எல்லாமே மானாவாரிதான்.

ஊருக்குப் பின்னால் வறண்ட காடு, முன்னால் ஆறு. தண்ணீருக்கு வரும் யானைகள் வயல்களைத் தாண்டித்தான் போக வேண்டும். போட்ஸ்வானாவில் சுமார் 1,30,000 யானைகள் உள்ளன. உலகில் வேறெந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை. கதிர் முற்றும் நேரத்தில் ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் வருடச் சாப்பாடு போய்விடும்.

2014-ல் அந்நாட்டு அரசு வேட்டைக்குத் தடை விதித்தது. பயிரும் உயிரும் போவதாகக் கிராமத்தார் முறையிட, 2019-ல் தடை நீங்கியது. தேசியப் பூங்காவுக்குள் சுட முடியாது. அதை ஒட்டிய வனவிலங்குப் பகுதிகளில் உரிமம் பெற்றுச் சுடலாம். 2020-ல் 70 யானைகளுக்கான உரிமம் ஏலத்துக்கு வந்தது. பூங்காவின் எல்லை யானைக்குத் தெரியாது என்பதுதான் இதில் சிக்கல்.

வேட்டையால் ஊருக்கு வேலை, பணம், இறைச்சி கிடைப்பது உண்மை. ஆனால், பல லட்சம் கட்டி வரும் வெளிநாட்டுக்காரர் தேடுவது கம்பங்கொல்லையில் புகுந்த யானையை அல்ல. பெரிய தந்தமுள்ள மூத்த ஆண் யானையை. அது போனால் இளசுகளை அடக்க ஆளில்லை. தென்னாப்பிரிக்காவின் பிலானஸ்பர்க் காப்பகத்தில், பெரிய யானைகளின் துணையின்றி வளர்ந்த இளம் ஆண்கள் 1990-களில் காண்டாமிருகங்களைக் குத்திக் கொன்றன. 1998-ல் ஆறு மூத்த ஆண் யானைகளைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கின.

ஒகவாங்கோ விவசாயிக்குக் கைகொடுப்பது மிளகாய். இடித்த காய்ந்த மிளகாயைச் சாணத்தோடு பிசைந்து, கட்டியாக்கி, வெயிலில் காயவைக்கிறார்கள். இரவில் காற்றடிக்கும் பக்கமாக வயலோரம் வைத்துத் தீமூட்டினால் புகைந்துகொண்டே இருக்கும். அந்தக் காரநெடி யானைக்கு ஆகாது. மிளகாய்த்தூளும் பழைய இன்ஜின் ஆயிலும் கலந்து தோய்த்த துணிகளைக் கயிற்றில் கட்டி வேலியாக்குவதும் உண்டு. காற்று திசை மாறினாலோ, மழை பெய்தாலோ பலன் குறையும். அதனால் காவலும் வேண்டும். யானைத் தடத்தை விட்டுத் தள்ளி உழவும் வேண்டும்.

ஏலப் பணத்தில் ஒரு பங்கு மிளகாயாக, வேலியாக, தாமதமில்லாத இழப்பீடாக வயல்காரர் கைக்கு வந்தால்தான் அந்த ஊர்களுக்கு வேட்டையால் லாபம். இல்லையென்றால் தந்தம் யார் வீட்டுச் சுவருக்கோ போகும். கம்பங்கொல்லைக்கு அடுத்த யானை வரும்.