நடுவிலிருந்து தொடங்குக

தந்தையார் விட்டுச்சென்ற 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனரின் எஞ்சினை நாமே பூட்டினோம். அவசரத்தில், சிலிண்டர் ஹெட்டின் ஓரத்து நட்டுகளை முதலிலேயே முழுப் பலத்துடன் இறுக்கிவிட்டோம். மறுநாள் அன்னையாரைக் கோயிலுக்கு அழைத்துச் செல்கையில் கஸ்கற் கசிந்து, நடுவழியில் கார் நின்றது. வெயிலில் அவர் நடந்தே வீடு திரும்பினார்.

அயலிலுள்ள முதிய மெக்கானிக் வந்து பார்த்தார்.

“தம்பி, நடுவிலயிருந்து வெளியாலை போகவேணும். ஒரேயடியாய் இறுக்கக்கூடாது.”

புதிய கஸ்கற் இட்டு, ஒன்பது நட்டுகளையும் மும்முறை சுற்றிவந்து, சிறிது சிறிதாக 40 இறாத்தல்-அடி வரை இறுக்கினார். ஓரங்கள் முந்தி இறுகினால் நடுப்பகுதி சமமாகப் படியாது என்பதை அன்றே உணர்ந்தோம்.

பலம் எம்மிடமும் இருந்தது, முறைதான் இருக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அன்னையார் மீண்டும் முன்னாசனத்தில் அமர்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை.