வண்டியின் மூச்சு

நம்மிடம் ஒரு மோட்டார் சைக்கிள் உண்டு. 1955-ஆம் வருஷத்தில் சென்னையில் தயாராகத் தொடங்கிய புல்லட் வம்சத்தைச் சேர்ந்தது. கார்புரேட்டர் வைத்த பழைய மாதிரி. மண்டகப்பட்டிலிருந்து செஞ்சியிலுள்ள பள்ளிக்கூடத்துக்குத் தினந்தோறும் நம்மைச் சுமந்து செல்வது அதுதான். நம் தொண்டையில் சாக்குக்கட்டித் தூள் போகிறதே என்று வருத்தப்படத் தெரிந்த நமக்கு, வண்டியின் தொண்டையில் என்ன போகிறது என்று யோசிக்கத் தோன்றியதேயில்லை.

சென்ற கோடையில் அது நீலப்புகை விட ஆரம்பித்தது. மெக்கானிக் பிரித்துப் பார்த்தார். சிலிண்டரின் உட்புறமெங்கும் நெடுக்குக் கீறல்கள். பிறகு காற்று வடிகட்டியை எடுத்துத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"சார், இந்த மண்ணிலே கத்தரி நாற்றே விடலாம்!"

மூன்று வருஷமாக மாற்றாத காகிதம் ஒரு மடிப்பில் கிழிந்திருந்தது. குற்றம் முழுவதும் நம்முடையதே. சிலிண்டரைக் கடைந்து, பிஸ்டனும் வளையங்களும் மாற்றியதில், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த தொகை கரைந்தது. கட்டணத்துக்கு வீட்டு அம்மாளின் சீட்டுப் பணந்தான் கைகொடுத்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லியிருந்தால் தேவலை.

அதன் பின்னரே கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிவதற்குச் சுமார் 9000 லிட்டர் காற்று வேண்டும். அந்தக் காற்றோ, ஜல்லி லாரிகளுக்குப் பின்னால் நாம் சுவாசிக்கும் அதே காற்று! கருங்கல் தூளிலுள்ள படிகக்கல் இரும்பைவிடக் கடினமானது. எண்ணெயோடு கலந்தால் சாணைக் குழம்பாகிவிடும். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி மும்மூர்த்திகளுக்குக் கோயில் குடைந்ததாக ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் நம் ஊர்க் குன்றில் கல்வெட்டு வைத்தான். உலோகத்தை நம்பியவர்கள் நாம். கல் நம்மைப் பழிவாங்குகிறது.

இனி எந்த வடிகட்டி வாங்குவது? வீட்டில் பெரிய விவாதம் நடந்தது.

"அப்பா, பெட்டியையே கழற்றிவிட்டுக் கூம்பு வடிகட்டி போடலாம். சத்தம் பிரமாதமாயிருக்கும்" என்றான் பையன். சத்தம் உண்மைதான். ஆனால் அது இயந்திரத்தருகே சூடான காற்றையல்லவா இழுக்கும்? ஐப்பசி மழையில் சேற்றுத் தெறிப்பும் நேரே அதன்மேல் படும். காற்று அதிகமாகிக் கலவை மெலிந்துவிடுமாதலால் கார்புரேட்டரின் ஜெட்டையும் மாற்ற வேண்டும். அது தள்ளுபடி.

எண்ணெய் பூசிய பருத்தி வடிகட்டியில் நமக்குக் கொஞ்சம் சபலம் இருந்தது. துவைத்துத் துவைத்துப் பல வருஷம் உபயோகிக்கலாம் என்றால் எந்த வாத்தியாருக்குத்தான் ஆசை வராது! ஆனால் துவைத்தபின் நன்றாய் உலர வேண்டும். எண்ணெய் அளவோடு பூச வேண்டும். குறைந்தால் புழுதி புகும். மிஞ்சினால் எண்ணெயே உள்ளே போகும். காற்றைத் தாராளமாக விடும் இழை, பொடித் தூசியையும் சற்றுத் தாராளமாகவே விடும். பந்தயக்காரனுக்கு அந்தக் காற்று லாபம். முதல் மணி அடிப்பதற்குள் போய்ச் சேர வேண்டிய நமக்கு அதனால் என்ன லாபம்?

கடைசியில் பழைய காகித வடிகட்டியையே புதிதாக வாங்கினோம். விளிம்பு பெட்டியோடு இடைவெளியில்லாமல் பொருந்துகிறதா என்று மெக்கானிக் விரலால் தடவிப் பார்த்தார். "புஸ்தகத்தில் போட்டிருக்கிற கிலோமீட்டர் வரைக்கும் காத்திருக்காதீங்க சார். நம்ம ரோட்டுக்குப் பாதியிலேயே மாத்திடுங்க" என்றார்.

மாற்றிய தேதியைச் சமையலறை நாட்காட்டியில், பால் கணக்குக்குப் பக்கத்தில், வீட்டு அம்மாளே எழுதி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்டியைத் திறந்து பார்ப்பது பையனின் பொறுப்பு. சத்தம் போதவில்லை என்று இன்னும் முணுமுணுத்துக்கொண்டுதான் திறக்கிறான்.